வலது மூலைப் பாவற்கொடி

எங்கள் வீட்டுப் பல்கனிக் கதவுக்கு உட்புறம், சிவப்புச் சீமெந்துத் தரையில், சோக்குக்கட்டியால் கீறிய நான்கு சிறிய வட்டங்கள் அந்த வெயில் காலம் முழுவதும் இருந்தன. மாமாவின், அதாவது என் மனைவியின் அப்பாவின், கதிரைக் கால்கள் நிற்க வேண்டிய இடங்கள் அவை. கதிரையைத் தூக்கலாம், அதன் கீழே கூட்டலாம், வட்டங்களைத் தொடக்கூடாது. மாமி ஒவ்வொரு நாளும் காலையில் ஈரத்துணியால் வீடு முழுவதையும் துடைத்து, அந்த நான்கு வட்டங்களையும் சுற்றிவளைத்துத் தப்பவிட்டு எழும்புவார். எழும்பும்போது ஒரு பெருமூச்சு வரும். முழங்காலுக்காக வருவது பாதி, மாமாவுக்காக வருவது பாதி என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன்.

நான் தேதிகளில் பிடிவாதமானவன். வீட்டில் யாருக்குப் பல்லுப் பிடுங்கியது, எந்த மாதத்தில் காஸ் அடுப்பு வாங்கியது என்றெல்லாம் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். ஆனால் இந்தப் பட விவகாரம் எப்போது தொடங்கியது என்பதில் மட்டும் என் குறிப்பை யாரும் ஏற்பதில்லை. சிவராத்திரி முடிந்த கிழமை என்பது மாமியின் கட்சி. பாவல் விதை முளைவிட்ட கிழமை என்பது என் மனைவியின் கட்சி. மாமா இரண்டையும் கேட்டுவிட்டு, "கடல் நிறம் மாற முதல்" என்பார். ஆண்டை மட்டும் மூவரும் மறுக்கவில்லை: மழை பொய்த்து, மின்சாரத்தை மணிக்கணக்கில் வெட்டிய ஆண்டு. வடக்கில் சண்டை. கொழும்பு வெள்ளவத்தையில் வெயில்.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில். பல்கனி மேற்குப் பார்த்தது. கீழே எங்கள் ஒழுங்கை, ஒரு சிறு தெரு, நேராகக் கடற்கரை ரயில் பாதை வரை ஓடி அங்கே முடியும். பாதைக்கு அப்பால் பாறை, பாறைக்கு அப்பால் கடல். அந்தப் பல்கனியில்தான் என் மனைவி தோட்டம் செய்தாள். பள்ளிக்கூட ஆசிரியையான அவளுக்குச் சித்திரை விடுமுறை என்பது பிள்ளைகளுக்குப் பதிலாகச் செடிகளை அதட்டும் காலம். ஐஸ்கிறீம் வாளியில் கறிவேப்பிலை, பெயின்ற் வாளியில் மிளகாய், வெடித்த பிளாஸ்ரிக் பேசினில் வல்லாரை. பூக்கவே பூக்காத ரோசா ஒன்று. வலது மூலையில், இரண்டு வாளிகளில், அந்த ஆண்டு புதிதாகப் பாவல்.

மண் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. ஓட்டோவில் ஒரு மூட்டை மண்ணோடு வந்த எங்களைக் காலி வீதி என்ற பெருந்தெருவின் சோதனைச் சாவடியில் மறித்து, ஒரு சிப்பாய் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். எதற்கு என்று கேட்டான். "மல் வவன்ன, மல்லி" என்று சிங்களத்தில் சொன்னாள் மனைவி. பூ வளர்க்க, தம்பி. வீட்டுக்கு வந்ததும், "அரசாங்கத்துக்குப் பொய் சொன்னீர்" என்று அவளைச் சீண்டினேன்.

"பாவலும் பூக்கும் தானே" என்றாள் அவள்.

மாமா ஓய்வுபெற்ற படவரைஞர். அரசாங்கக் கந்தோரில் முப்பது ஆண்டுக்கு மேல் நிலப்படமும் கட்டடப்படமும் வரைந்தவர். யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது, மாமி நகையையும் காணி உறுதிகளையும் எடுத்தார். மாமா தன் வரைபலகையையும் கோடு கீறும், குறுக்குத்தலை வைத்த நீளமான ரீ-மட்டத்தையும் தோளில் சாத்திக்கொண்டு நடந்தார். வழியில் யாரோ அதைச் சிலுவை என்று நினைத்து வழிவிட்டார்களாம். இது மாமி சொல்லும் கதை. மாமா இதை மறுப்பதுமில்லை, சிரிப்பதுமில்லை.

என் மனைவியின் தங்கையை வீட்டில் 'சின்னவள்' என்போம். அவள் கலியாணம் முடித்து ஊரிலிருந்தே கனடா போனவள். பெற்றோர் கொழும்புக்கு வந்து எங்களோடு சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆகவே இந்த வீட்டை அவள் கண்டதில்லை. ஒருநாள் தொலைபேசியில் அவள் மாமாவிடம் கேட்டாள், "அப்பா, நீங்கள் வழக்கமா இருக்கிற இடத்தில இருந்து பாத்தால் என்ன தெரியும்?" மாமா சொல்லத் தொடங்கி, மாமரம், தண்ணீர்த் தாங்கி, கடல் என்று வந்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"சொன்னால் விளங்காது. கீறி அனுப்பிறன்."

அன்று பின்னேரமே கதிரைக் கால்களுக்கு வட்டம் போட்டாயிற்று. இருக்கும் இடம் ஓர் அங்குலம் மாறினாலும் காட்சி மாறிவிடும் என்பது அவர் வாதம். நீர்வர்ணப் பெட்டி ஒன்றும் தடித்த கடதாசியும் புறக்கோட்டையில் தேடி வாங்கிக் கொடுத்தேன். ஓவியர்கள் எப்படித் தொடங்குவார்கள் என்று நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். எவரும் மாமாவைப்போல் தொடங்கியதாகப் படித்ததில்லை. முதலில் ஓரம் விட்டுச் சட்டம் கீறினார். பிறகு வட திசை காட்டும் அம்புக்குறியை ஒரு மூலையில் போட்டார். பிறகு அளவுத்திட்டம் எழுதப் போனார். மனைவி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, அவள் காணி வாங்கேல்லை. படம் கேட்டவள்."

அளவுத்திட்டம் போயிற்று. அம்புக்குறி தங்கிவிட்டது.

வேலை இடமிருந்து வலமாக நடக்கும். இடது பக்கத்தில் அடுத்த வீட்டு மாமரமும் கூரையும். நடுவில் கடலும் ரயில் பாதையும். வலது பக்கத்தில் ஒழுங்கை, அது முடியும் இடத்தில் இராணுவச் சென்றி. மண்மூட்டை அடுக்கி, தகரம் போட்ட சின்னக் காவற்குடில். மாமா நாளொன்றுக்குக் கடதாசியில் ஒரு விரற்கடை அளவு நகர்வார். கையை நேராக நீட்டி, அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பொருள்களின் உயரத்தை அளப்பார். மாமரத்தை அளந்தபோது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் காலையில், முன்கூட்டியே பார்த்துவைப்போம் என்று அவர் வலது பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, சென்றியை அளந்தார். கீழே நின்ற சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான். மாமா அவனுக்குத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து அளந்தார்.

அன்று விளக்கேற்றும் நேரத்தில் கதவைத் தட்டினார்கள். பொலிஸ் அதிகாரி ஒருவர், அவருக்குப் பின்னால் சென்றியில் நிற்கும் அதே சிப்பாய். வீட்டில் யார் யார் என்ற பதிவுப் பத்திரத்தைப் பார்ப்பது வழக்கமான காரியம்தான். அதை எந்த இலாச்சியில் வைத்திருக்கிறோம் என்று எங்கள் எல்லோருக்கும் தூக்கத்திலும் தெரியும். மனைவி ஓடிப்போய் வரைபலகைமேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டாள். வெள்ளைத் துணி மூடிய பலகை சுவரோரம் சாய்ந்து நிற்பதைவிடச் சந்தேகத்துக்குரிய பொருள் அந்த வீட்டில் வேறு இருந்ததில்லை.

"ஏக்க மொக்கத?" என்றான் சிப்பாய். அது என்ன?

நாங்கள் பதில் தேடுவதற்குள் மாமா தானே விரிப்பைத் தூக்கிக் காட்டினார். படம் கேட்டுப் பார்க்க ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார் என்ற பூரிப்பு அவர் முகத்தில் இருந்தது. அதுவரை முடிந்தது மாமரமும் கூரையும் கொஞ்சம் கடலும். சிப்பாய் குனிந்து பார்த்து, "லஸ்ஸனய்" என்றான். அழகாயிருக்கிறது. பிறகு அளவுகோலை எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, இது என்ன என்று கேட்பதுபோல் மாமாவைப் பார்த்தான். மாமா தன் கந்தோர்ச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். அதிகாரி பத்திரத்தை மடித்துவிட்டு, படத்தில் வெறுமையாக இருந்த வலது பக்கத்தையும், பல்கனிக்கு வெளியே வலது பக்கத்தில் இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தார். அங்கும் ஏதாவது வரப்போகிறதா என்று மாமாவிடம் கேட்டார்.

"ஓவ், ஓவ்" என்றார் மாமா உற்சாகமாக. ஓம், ஓம்.

அதிகாரி ஒன்றும் சொல்லாமல் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எங்களுக்கு அன்றிரவு இடியப்பம் இறங்கியிருக்கும்.

"அப்பா, அந்தச் சென்றியை விட்டிட்டுக் கீறுங்கோ" என்றாள் மனைவி.

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்கிறியள். போன மாதம் ரயில் றோட்டுப் பக்கம் போட்டோ எடுத்த பெடியனைக் கொண்டுபோய் ரெண்டு நாள் வைச்சிருந்தவங்கள்."

"அவன் போட்டோ எடுத்தவன். நான் கீறுறன்."

"உங்களுக்கு அது வித்தியாசம். அவைக்கு?"

மாமா சம்பலைத் தொட்டுக்கொண்டு யோசித்தார். "பிள்ளை, சின்னவள் கேட்டது நான் காணுறதை. இல்லாததை நான் கீறமாட்டன். இருக்கிறதை விடவும் மாட்டன். ஒரு வீட்டில கிணறு இருக்கு, நான் கிணத்தை விட்டிட்டுப் படம் கீறினால் ஆராவது விழுந்தல்லோ போவினம்."

"ரொறன்ரோவில இருந்துகொண்டு அவள் எங்க விழப்போறாள்?" என்றார் மாமி.

நான் நடுவராக வாய்திறந்து, வரலாற்றில் நகரங்களை வரைந்தவர்கள் கோட்டைகளை எப்படிக் கையாண்டார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். மனைவி என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள். அது வாயை மூடச்சொல்லும் சைகை.

சிக்கலை இன்னும் இறுக்கியவர் கீழ்வீட்டு ரீச்சர். ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தவர். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் கிழமையில் மகனிடம் ரொறன்ரோ போக அவருக்கு ரிக்கற் வந்திருந்தது. அவர் கையில் படத்தைக் கொடுத்துவிடுவது என்பதுதான் மாமாவின் திட்டம். தபாலில் போட்டால் மடித்துக் கசக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கசக்கிவிடுவார்கள். ரீச்சர் படியேறி வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பல்கனியால் எட்டியும் பார்த்தார்.

"கடல், மரம், காகம் எண்டால் கொண்டுபோறன் அண்ணை. உதில நிக்கிறதைக் கீறினியள் எண்டால் தரவேண்டாம். ஏயாப்போட்டில பெட்டியைத் திறந்து பாத்தால், என்ரை மகன் என்னை அங்க பாக்கேலாது, நீங்கள் வந்து இஞ்ச பாக்க வேண்டிவரும்."

வேறு போகிறவர் எவரும் கிடையாது. படம் போகவேண்டும், பொய்யாகவும் போகக்கூடாது. மாமா அன்று பின்னேரம் வரையவில்லை. கதிரையில் இருந்து கடலை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மனைவி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வலது மூலைப் பாவல் இரண்டும் பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று சுருள் கைகளை நீட்டிக்கொண்டு நின்றன. அவள் கொடியைப் பார்த்தாள். மாமாவின் வெறுங்கதிரையில் வந்து இருந்து, ஒரு கண்ணை மூடி, மறுபடி கொடியைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, இதிலயிருந்து பாருங்கோ. அந்த மூலையில கயிறு கட்டிக் கொடியை ஏத்தினால் சென்றி தெரியுமோ?"

இருந்து பார்த்தேன். தெரியாது.

"இருக்கிறதைத் தானே கீறுவார்" என்றாள். "இருக்கச் செய்வம்."

பல்கனிக் கம்பியிலிருந்து மேலே தளத்தில் இருந்த கொக்கி வரை கயிறு கட்டினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஓட்டப்போட்டி தொடங்கியது. இடமிருந்து மாமா வந்துகொண்டிருந்தார். கீழிருந்து பாவல் ஏறிக்கொண்டிருந்தது. மாமா வலது பக்கம் வந்து சேர்வதற்கு முன் கொடி மேலே போய்ச் சேரவேண்டும். மனைவி அதற்கு வெங்காயத்தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றினாள், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள், குடித்து மிஞ்சிய தேயிலையைப் போட்டாள்.

"என்ன மணம் இது?" என்றார் மாமா மூக்கைச் சுருக்கி.

"கடல் காத்து அப்பா."

மாமாவைத் தாமதப்படுத்தும் பொறுப்பு எனக்கும் மாமிக்கும். என் வேலை சுலபம். காலையில் அவர் தூரிகையைத் தொட்டதும், "மாமா, இந்த ரயில் பாதை முதலோ, எங்கட ஒழுங்கை முதலோ?" என்று கேட்டால் போதும். நான் ஓர் ஆண்டு சொல்வேன். அவர் அதை மறுத்து வேறோர் ஆண்டு சொல்வார். பதினொரு மணிக்கு மின்சாரம் போய் வியர்வை கடதாசியில் சொட்டத் தொடங்கும்போதுதான் இருவரும் ஓய்வோம். உண்மையில் அந்த ஆண்டு எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே தவறாகச் சொல்வது என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்று வீட்டில் எவரும் உணரவில்லை.

மாமியின் முறை வேறு. சித்திரை வருடப்பிறப்பு வந்தது. மருத்துநீர் தலையில் வைத்து முழுகி, பொங்கி, கைவிசேஷக் காசு வாங்கி முடிந்ததும் மாமா பலகையை எடுத்தார். மாமி பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார்.

"புது வருசத்தில வேலை தொடங்க நேரம் பாக்க வேண்டாமோ?"

"நான் என்ன கடையோ திறக்கிறன்?"

"நிறம் பூசிறதும் ஒரு வேலை தானே. அதுக்கு நல்ல நேரம் வெள்ளிக்கிழமைதான் வருகுது."

அன்று திங்கள். நிறம் பூசுவதற்கென்று பஞ்சாங்கத்தில் தனி நேரம் எதுவும் கிடையாது என்பதை நான் பிறகு தேடிப்பார்த்து உறுதி செய்துகொண்டேன். மாமா அப்போதே தேடிப்பார்த்திருக்கலாம். ஏனோ பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை கைகட்டி இருந்தார்.

அவர் வலது பக்கம் வந்து சேர்ந்த நாளில் கொடி கொக்கியைத் தாண்டிவிட்டிருந்தது. நாங்கள் மூவரும் அவரவர் வேலையில் மும்முரமாக இருப்பதுபோல் அந்த அறையிலேயே இருந்தோம். மாமா கதிரையைச் சோக்கு வட்டத்தில் சரியாக வைத்தார், இருந்தார், கையை நீட்டினார், ஒரு கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"பிள்ளை, உன்ரை கொடி முன்னுக்கு வந்திட்டுது."

"அப்ப கொடியைக் கீறுங்கோ அப்பா. இருக்கிறதைத் தானே கீறுவியள்."

மாமா திரும்பி அவளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். "ஓம்" என்று பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

வெற்றி என்று நினைத்தோம். ஆனால் பாவலை ஓர் இலை விடாமல் வரைய ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. மாமரம் அசையாமல் நின்றது. பாவலோ காலையில் ஒரு வடிவம், பின்னேரம் ஒரு வடிவம். முதல்நாள் வரைந்த இடத்தில் மறுநாள் புதிதாக ஓர் இலை நிற்கும். அவர் அழித்து அதையும் சேர்ப்பார். கொடிக்குத் தண்ணீர் குறைத்து விடச்சொல்லி மகளோடு சண்டை பிடித்தார். பழுத்த இலையைக் கிள்ளப் போனால் "தொடாதை" என்று கத்தினார். காற்றடித்தால் கதவைச் சாத்தச்சொன்னார்; சாத்தினால் தெரியவில்லை என்றார். பாவல் இரண்டு கிழமைக்கு மேல் அவருக்கு முன்னால் நின்றது.

"கலியாணப் படத்துக்குக்கூட நான் இவ்வளவு நேரம் அசையாமல் நிக்கேல்லை" என்றார் மாமி.

"நீர் அசைஞ்சனீர். படத்தில இருக்கு" என்றார் மாமா.

வெசாக் நெருங்கியது. தெருவெங்கும் கடைகளில் வர்ணத் தாள்கள் தொங்கின. சென்றியில் நின்றவர்களும் மூங்கில் கீற்றை வளைத்து, எண்கோண வடிவில், உள்ளே விளக்கேற்றித் தொங்கவிடும் பெரிய வெசாக் கூடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். மாமா இலைகளின் இடுக்கால் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். தலையை அப்படியும் இப்படியும் சரித்து, "மேல் பக்கம் கொஞ்சம் கோணல்" என்று தனக்குள் சொல்வார். சக கலைஞர்கள் மேல் உள்ள அக்கறை என்று நாங்கள் சிரித்தோம். ஒருநாள் இலை இடுக்குகளுக்குள் அளவுகோலை நீட்டிக்கொண்டும் இருந்தார். மனைவி அவர் முதுகில் மெல்லத் தட்டி அளவுகோலை வாங்கிவைத்தாள்.

படம் முடிந்தது. மறுநாள் காலை ரீச்சர் வந்து வாங்குவதாக ஏற்பாடு. பின்னேர வெயில் பலகையில் விழ, மனைவி படத்துக்கு முன்னால் நின்று பார்த்தாள். கடல் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. மாமரத்தில் ஒரு காகம் இருந்தது, ரீச்சரின் விருப்பப்படி. மனைவி முகத்தைக் கடதாசிக்கு அருகே கொண்டுபோனாள்.

"அப்பா, இலைக்கு மேல இது என்ன, எறும்பு ஊருறமாதிரி?"

"மறைவுக் கோடு."

"என்ன கோடு?"

"ஒண்டுக்குப் பின்னால ஒண்டு மறைஞ்சு நிண்டால் அதை விட்டு விட்டுக் கோடு போட்டுத்தான் காட்டுறது. எந்தக் கட்டடப் படத்திலயும் பார். சுவருக்குப் பின்னால கிணறு இருந்தால் இப்பிடித்தான்."

நானும் குனிந்து பார்த்தேன். பாவல் இலைகளின் மேல், மிக மெல்லிய பென்சில் துண்டுக்கோடுகளில், தகரக் கூரை இருந்தது. மண்மூட்டைகள் இருந்தன. எண்கோண வெசாக் கூடு, மேல் பக்கம் கொஞ்சம் கோணலாக, இருந்தது. அதன் கீழே இருந்தபடி ஓர் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"துவக்கு?" என்றாள் மனைவி, அந்த ஆளின் துப்பாக்கியைத் தேடி.

"பக்கத்தில சாத்தி வைச்சிருக்கிறார். சாப்பிடேக்குள்ள என்னெண்டு பிடிக்கிறது?"

மாமி கதிரையில் இருந்துவிட்டார். மாமாவின் கதிரை, அவர் இருந்த வேகத்தில் அது வட்டத்தைவிட்டு நகர்ந்தது. அதைக்கூட மாமா சொல்லவில்லை.

"அழியுங்கோ அப்பா."

"அழிச்சால் இல்லையெண்டு ஆகும்."

"ரீச்சர் கொண்டுபோக மாட்டா. படமே போகாது."

மாமா படத்தைப் பார்த்தபடி நின்றார். "அப்ப போகாது" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் குரலில் பிடிவாதம் இருக்கவில்லை. அந்த வீட்டில் அந்தக் கோடையில் யாரும் யாரையும் சீண்டாத சில நிமிடங்கள் அவைதான் என்று என் ஞாபகம்.

மனைவி பல்கனிக்குப் போனாள். கொடியின் அடியில், கம்பிக்கு வெளியே, கறிக்கென்று விட்டிருந்த காய்கள் மூன்று தொங்கின. அவற்றைக் காம்போடு நறுக்கினாள். மாமியின் தையற்பெட்டியிலிருந்து நூல் எடுத்தாள். கதிரையை வட்டத்தில் சரியாக வைத்து, என்னை அதில் இருத்தி, "இன்னும் மேலயோ? இடப்பக்கமோ?" என்று கேட்டுக் கேட்டு, மூன்று காய்களையும் கொடியில், சரியான இடத்தில், நூலால் கட்டினாள்.

"அப்பா, காய் வந்திருக்கு."

மாமா வந்து இருந்தார். "காலமை இருக்கேல்லை."

"இப்ப இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காயைப் பார்த்தார். நூலை அதைவிட அதிக நேரம் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் தன் பிள்ளைகள் பிழை செய்துவிட்டு நிற்பார்களே, அப்படி நின்றாள்.

"இருக்கு" என்றார் மாமா. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்தார்.

பொழுதுபடும்வரை வேலை நடந்தது. மூன்று காய்கள், ஒவ்வொரு முள்ளும் முடிச்சும் தனித்தனியாக, கரும்பச்சையில். துண்டுக்கோடுகள் காய்களின் சொரசொரப்புக்குள் போய்விட்டன. தேடினாலும் எங்கள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. மாமா கடைசியாக மெல்லிய தூரிகையை எடுத்தபோது கையெழுத்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன். மூன்று காம்பிலும் மூன்று வெள்ளை நூல் முடிச்சுப் போட்டார்.

ரீச்சர் காலையில் வந்து பார்த்தார். "கடல், மரம், காகம், பாவக்காய். நல்லம் அண்ணை." படத்தை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து, சேலைகளுக்கு இடையில் படுக்கவைத்துக் கொண்டுபோனார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி மட்டையைப் பிரித்துப் பார்த்து, "கரவில" என்றாராம். பாவற்காய். பொரிப்பதா, பால்கறியா நல்லது என்று கேட்டாராம். ரீச்சர் பயத்தில், "பால்கறி, மாத்தயா" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். தனக்குப் பாவற்காயே பிடிக்காது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார்.

சின்னவளின் தொலைபேசி வந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. முதலில் மாமி கதைத்தார், பிறகு மனைவி. படத்துக்குச் சட்டம் போட்டுக் குசினிக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்றாம். மனைவி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று முகம் சுருங்கி எங்களிடம் திரும்பினாள்.

"பாவக்காயை ஏன் நூலால கட்டினது எண்டு கேக்கிறாள்."

மாமா எழுந்துவந்து ரிசீவரை வாங்கினார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"ஓம்… அக்கா கட்டினவள்… ஓம் பிள்ளை, அதுக்குப் பின்னாலதான். கூரை. தகரம்… இல்லை இல்லை, அது வெசாக் கூடு. அவையள் கட்டினது. மேல் பக்கம் கொஞ்சம் கோணல்… ஓம், ஒரு ஆள். எந்த நாளும் நிக்கிறவர்… இல்லையம்மா, எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அவர்தான் பாவம், வெயிலுக்கை… சரி. சரி பிள்ளை."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கோடு வெளியில தெரியும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டாள் மனைவி.

"வாட்டர் கலர் பூசினால் பென்சில் கோடு மறையாது. பக்கத்தில பிடிச்சு, தெரிஞ்ச ஆள் பாத்தால் தெரியும். அவள் என்ரை மேசைக்குக் கீழ வளந்தவள்."

"ஏயாப்போட்டில தெரிஞ்ச ஆள் ஆரும் நிண்டிருந்தால்?"

"நிண்டவருக்குப் பாவக்காயைத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமா.

மனைவிக்குக் கோபிக்க வேண்டும் போலவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். மாமி ஈரத்துணியை எடுத்துவந்து, அவ்வளவு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அந்த நான்கு சோக்கு வட்டங்களையும் அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். மாமா அதைத் தடுக்கவில்லை.

"இனி இது தேவையில்லை" என்றார். "சின்னவள் மற்றப் பக்கத்தையும் கீறி அனுப்பட்டாம். குசினி யன்னலால என்ன தெரியும் எண்டு கேக்கிறாள்."

குசினி யன்னல் கிழக்குப் பக்கம். அதனூடாகக் காலி வீதி தெரியும்; காலி வீதியில், மண்மூட்டையும் மரத்தடுப்பும் வைத்து, என் மனைவியிடம் மண்ணுக்குக் காரணம் கேட்ட அந்தப் பெரிய சோதனைச் சாவடி தெரியும். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மனைவி வாசலில் வந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டே, மாமாவைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, புடலங்காய் இலை பாவலைவிடப் பெரிசு தானே?"